கடைமடைக்கு முந்திய தண்ணீர்

(வாசகர் கேள்விகள் - டாக்டரம்மா பதில்கள்)

சென்ற இதழில் முழங்கால் வலி பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, பதினொரு ஆண்டுகளுக்கு முன் எனக்கே எடை குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். முழங்காலை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்கள் அத்தனையும் அந்த ஒரு வரியைப் பற்றியவை. கும்பகோணத்தில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள்கூட, நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டாமல், "உங்களுக்கா டாக்டரம்மா?" என்று மேலும் கீழும் பார்க்கிறார்கள். எனக்குத்தான். அப்போது 108 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர். செய்தது பைபாஸ். அந்தச் சொல்லை அரைகுறையாகக் கேட்ட பக்கத்து வீட்டு மாமி, இதயத்தில் கோளாறு என்று நினைத்துச் சாத்துக்குடிப் பையோடு வந்து அழுதுவிட்டுப் போனார். இது இரைப்பை பைபாஸ். இந்த இதழ் முழுவதும் அதற்கே.

என் கணவருக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். போன மாதம் இரைப்பை பைபாஸ் செய்தார்கள். மூன்றாம் நாளே இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். அப்போது எடை இரண்டு கிலோகூட இறங்கவில்லை. எடை குறையாமலே சர்க்கரை எப்படிக் குறையும்? எங்களிடம் எதையாவது மறைக்கிறார்களா?
- ஓர் ஆசிரியை, பாபநாசம்

மறைக்கவில்லை அம்மா. உங்களுக்கு வந்த சந்தேகம் மருத்துவ உலகத்துக்கே வெகுகாலம் இருந்தது. 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் இந்த அறுவையை முதலில் செய்தபோது, சர்க்கரை நோய் அவர் கணக்கிலேயே இல்லை. வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பெண்கள் அப்புறம் சதை போடுவதில்லை என்று கண்டார். அதையே எடை குறைக்கப் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார். பிறகு வால்டர் போரீஸ் என்ற அறுவை மருத்துவர், தம்மிடம் பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை சீராகிவிட்டதையும், அது எடை இறங்குவதற்கு முன்பே நாள்கணக்கில் நடப்பதையும் 1995-இல் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகுதான் இந்த அறுவையை வெறும் 'வயிற்றைச் சுருக்கும் வேலை' என்று பார்ப்பது மாறியது.

காரணங்களில் முதலாவது மிகச் சாதாரணமானது: பட்டினி. அறுவை முடிந்த முதல் சில நாட்கள் உங்கள் கணவர் குடித்தது தெளிந்த நீர் ஆகாரம்தான். கல்லீரலில் தேங்கியிருந்த கொழுப்பு அந்த நாட்களிலேயே கரையத் தொடங்குகிறது. இரவெல்லாம் இரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருந்த கல்லீரல் கையை இழுத்துக்கொள்கிறது. விடியற்காலைச் சர்க்கரை இறங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் பாதை மாறியது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வந்து பிரிந்து, மேல்மடைக்காரர்கள் எடுத்தது போக மிச்சம்தான் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேரும். குடலும் அப்படித்தான். இரைப்பையிலிருந்து இறங்குகிற உணவைக் கால் மீட்டர் நீளமே உள்ள முன்சிறுகுடல் முதலில் வாங்கும். பித்தநீரும் கணையநீரும் அங்கேதான் வந்து கலக்கும். அப்புறம் மீட்டர் மீட்டராக நடந்து, பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு, சக்கையும் கொஞ்சம் சத்துமாகத்தான் கடைச்சிறுகுடலை எட்டும்.

உங்கள் கணவருக்குச் செய்தது இது. இரைப்பையின் தலைப்பில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி கொள்கிற அளவுக்கு ஒரு சிறு பையைத் தனியாகத் தைத்து மூடிவிட்டார்கள். கீழே சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, அதன் கீழ்முனையைத் தூக்கி அந்தச் சிறு பையோடு இணைத்துவிட்டார்கள். மீதி இரைப்பையை எடுத்து எறிவதில்லை. அது உள்ளேயே உயிரோடு இருந்து, சுரக்கிற அமிலத்தைப் பித்தநீர், கணையநீரோடு சேர்த்து வேறொரு வாய்க்கால் வழியாக அனுப்பும். உணவு ஒரு வாய்க்காலில், செரிமானநீர் இன்னொன்றில். இரண்டும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கடந்துதான் ஒய் வடிவத்தில் கூடும். அங்கிருந்துதான் செரிமானம் முழுவேகம் எடுக்கும்.

ஆக, மேல்மடை காய்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் முந்திக்கொண்டு வருகிறது. கடைச்சிறுகுடலின் சுவரில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்கள் அதிகம். உணவு அங்கே சீக்கிரமாகவும் செறிவாகவும் போய் விழும்போது இவை முன்னைவிடப் பல மடங்கு சுரக்கின்றன. ஜிஎல்பி-1 கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சரியான நேரத்தில் விடச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்து மூளையிடம் 'போதும்' என்கின்றன. பித்த அமிலங்களின் ஓட்டமும் குடல் நுண்ணுயிர்களும்கூட மாறுகின்றன. அதற்குள் நான் இப்போது போகவில்லை.

அந்தப் 'போதும்' எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். நான்காம் நாள், அடுத்த கட்டிலுக்குச் சாம்பார் சாதம் வந்தது. பெருங்காய வாசனை அறை முழுவதும். நான் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது வேண்டும் என்றே தோன்றவில்லை. சாப்பிட்டு முடித்த அரை மணியில் அடுத்த வேளையை நினைக்கிற பெண் நான். மற்றவர்களெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்கிறார்களா, இதையா 'வாயைக் கட்டு' என்று எனக்கு இத்தனை நாள் புத்தி சொன்னார்கள் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

ஸ்லீவ் என்ற இன்னொரு வகை எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குப் பாதை மாறவில்லை. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டியெடுத்து, மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாக்கியிருக்கிறார்கள். அப்படி வெட்டிய மேற்பகுதிதான் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரந்த இடம். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்ததே 1999-இல்தான்.

ஆசிரியையம்மா, ஒரு வேண்டுகோள். 'சர்க்கரை குணமாகிவிட்டது' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லாதீர்கள்; அடங்கியிருக்கிறது. கணையத்தில் இன்னும் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மீதிக் கதை. நீண்டகாலமாக இன்சுலின் போட்டவர்களுக்கு அது திரும்பி வருகிற வாய்ப்பு அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, அதாவது சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் இரத்தப் பரிசோதனை, பாருங்கள். பழைய சீட்டில் உள்ள சர்க்கரை மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ மருந்துக்கடையில் அப்படியே வாங்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய அளவு இந்தப் புது உடம்பைக் கீழே தள்ளிவிடும்.

எனக்குப் பைபாஸ் செய்து எட்டு மாதம். போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிறு கலக்கிவிட்டது. மாரடைப்பு என்று பயந்து ஓடினோம். ஈசிஜி சரியாக இருந்தது. அடுத்த வாரம் வீட்டில் போளி சாப்பிட்டேன். உடனே ஒன்றும் இல்லை, இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கிக் கண் இருட்டியது. என்ன நடக்கிறது எனக்கு?
- ஒரு வாசகி, திருவாரூர்

முதலில், ஈசிஜி எடுக்க ஓடியது சரி. வியர்வையும் படபடப்பும் வந்தால் பாயசம்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது.

இரண்டும் அண்ணன் தம்பி. டம்பிங் என்று பெயர். இரைப்பையின் கீழ்வாசலில் ஒரு சுருக்குத் தசை உண்டு. உணவைக் கரண்டி கரண்டியாகக் கீழே விடுவது அதன் வேலை. பைபாஸில் அந்த வாசலே வழியில் இல்லை. அடர்த்தியான சர்க்கரைப் பாகு நேரே சிறுகுடலில் கொட்டுகிறது. அதை நீர்க்கச் செய்வதற்காகக் குடல் இரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது. குடல் உப்புகிறது, இரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் அடித்துக்கொள்கிறது. பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள் வருகிற அண்ணன் இவன். தம்பி நிதானக்காரன். சர்க்கரை மளமளவென்று இரத்தத்தில் ஏறுவதைப் பார்த்துக் கணையம் பதறி, தேவைக்கு மேல் இன்சுலினை அள்ளி விடுகிறது. சர்க்கரை கரைந்த பிறகும் இன்சுலின் தீரவில்லை. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் தாழ்சர்க்கரை. போளி செய்த வேலை அது.

என் பாடத்தை நான் பிறந்த ஊரிலேயே படித்தேன். அறுவைக்கு அடுத்த ஜனவரி, திருவையாற்றில் ஆராதனை. அசோகா அல்வா வாங்காமல் திரும்புவதாவது? பாசிப்பருப்புதானே, புரதம்தானே என்று ஒரு டாக்டர் தனக்குத் தானே வக்காலத்து வாங்கினேன். அதில் பருப்பைவிடச் சர்க்கரையும் நெய்யும் எவ்வளவு போகும் என்று என் அம்மா கிளறிப் பார்த்து வளர்ந்தவள் நான். வாழையிலைத் துண்டில் வைத்த சூடான அசோகா, பளபளவென்று விரலில் ஒட்டும். மூன்று வாய். கடையிலிருந்து படித்துறைக்கு நடக்கிற தூரம்தான் அவகாசம் கொடுத்தது. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மார்பு மத்தளம். பஞ்சரத்தினம் கேட்க வந்தவள், படிக்கட்டில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாமி வந்திருக்கிறது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கல்யாண இலையில் உங்களுக்கான வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பருப்பு, கூட்டு, சுண்டல் முதலில். சோறு அப்புறம் நாலு வாய். இனிப்பு கடைசியில் நாக்குக்கு மட்டும். பாயசத்தைக் குடிக்க வேண்டாம். திரவ இனிப்பு எல்லாவற்றிலும் மோசம். கை நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணியில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிடுங்கள். சர்க்கரையோடு நிறுத்தினால் மறுபடி அதே கதைதான். அடிக்கடி வந்தால் உங்கள் அறுவை மருத்துவரிடம் எழுதி வைத்த நேரங்களோடு போங்கள், மருந்து இருக்கிறது.

பைபாஸ் செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நன்றாக இருக்கிறேன். இன்னமும் தினம் நாலு மாத்திரை. சத்தான சாப்பாடுதான் சாப்பிடுகிறேன். இவற்றை எப்போது நிறுத்தலாம்?
- ஒரு வியாபாரி, மன்னார்குடி

நிறுத்த முடியாது ஐயா. உங்களோடு சேர்ந்து வயதாக வேண்டிய மாத்திரைகள் அவை.

'நன்றாக இருக்கிறேன்' என்பதுதான் எனக்குப் பயம். நானும் இரண்டு ஆண்டுகள் நன்றாகத்தான் இருந்தேன். மூன்றாம் ஆண்டு, ஊருக்கெல்லாம் மருந்து எழுதுகிறவள் எனக்கு எழுதிக்கொண்டதை விழுங்க மறந்தேன். மறந்தேன் என்பதைவிட, அலட்சியம். ஒரு நாள் இரவு கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டு வாசல் வரை வந்த பிறகு கீழே பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. சரளைக் கல் தெருவில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன்; கால் சொல்லவில்லை. பழைய சர்க்கரையின் வேலை என்று இன்னும் இரண்டு மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கடைசியில் இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 110. குறைந்தபட்சம் 200 இருக்க வேண்டும். ஊசிகள் போட்ட பிறகு வலது கால் முழுவதும் திரும்பியது. இடது சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

பி12 உணவிலிருந்து பிரிவதற்கு இரைப்பை அமிலம் வேண்டும். பிரிந்ததை இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் கைப்பிடித்துக் கடைச்சிறுகுடல் வரை கூட்டிச் செல்ல வேண்டும். பைபாஸில் உணவு அந்த அமிலத்தையும் புரதத்தையும் இரைப்பையில் சந்திப்பதில்லை; வெகுதூரம் கடந்து, வாய்க்கால்கள் கூடுகிற இடத்தில்தான் சந்திக்கிறது. கல்லீரல் பழைய கையிருப்பை வைத்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஒப்பேற்றும். உங்கள் கையிருப்பு தீருகிற நேரம் இது. நீங்கள் சைவம் என்றாலோ, முன்பு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிட்டிருந்தாலோ, தொடங்கும்போதே கையிருப்பு குறைவு. தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி.

இரும்பும் கால்சியமும் உறிஞ்சப்படுகிற இடம் காய்ந்துபோன அந்த மேல்மடை. ஆகவே வழக்கத்தைவிட அதிகம் கொடுத்தால்தான் கொஞ்சமாவது உள்ளே போகும். கால்சியம் கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும். உங்களுக்கு சிட்ரேட் வகை நல்லது. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி. இரும்பு மாத்திரையை டிகிரி காபியோடு விழுங்குகிறவர்களை நான் கும்பகோணத்தில் தினம் பார்க்கிறேன். காபி முதலில் ஜெயிக்கும்.

தயமின் என்கிற பி1 பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இது வாரக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும். உடம்பில் இதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால் துவண்டதை வைத்து இதன் தடயத்தை ஜாவாவில் கண்டவர் டச்சு மருத்துவர் ஐக்மன்; 1929-இல் நோபல் பரிசு பெற்றார். நம் பாட்டிகள் நெல்லை அவித்துக் காயவைத்தபோது தவிட்டிலிருந்த இந்தச் சத்து அரிசிக்குள் இறங்கியது. புழுங்கலரிசி சாப்பிட்ட வீடுகளை அது காத்தது. ஆனால் அறுவைக்குப் பிறகு ஒருவர் நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் புழுங்கலும் காப்பாற்றாது. நடை தள்ளாடுகிறது, பார்வை இரட்டையாகிறது, பேச்சு குழம்புகிறது என்றால் அது நேரத்தோடு பந்தயம். அப்போது நம் ஊரில் முதலில் நடப்பது என்ன? 'ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள் டாக்டர்.' தயமின் இல்லாமல் ஏறுகிற குளுக்கோஸ், மிச்சமிருக்கும் தயமினையும் தின்றுவிடும். தயமின் ஊசி முதலில், பாட்டில் அப்புறம். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைபாஸ் செய்த எனக்கு நடவு வேலையில் இடுப்பு வலி. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடலாமா?
- ஒரத்தநாடு

கூடாது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வகை மாத்திரைகள் இரைப்பையும் குடலும் இணைந்த தையலோரத்தில் புண்ணை உண்டாக்கும். இரத்தம் கசியும், சில நேரம் ஓட்டையே விழும். பாராசிட்டமால் போதும். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால் அதுவும் அந்தப் புண்ணுக்குக் கூட்டாளி.

பைபாஸ் செய்து 14 மாதத்தில் கர்ப்பமானேன். நீர்க்கட்டி இருக்கிறது, குழந்தை நிற்பது கடினம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தடுப்பு எதுவும் செய்யவில்லை. இப்போது ஐந்தாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
- 27 வயது, பட்டுக்கோட்டை

பயத்தில் அர்த்தம் இருக்கிறது, மகளே. நம் மாநிலத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்கிற நல்ல பரிசோதனை அது. 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். மற்றவர்களுக்குச் சரி. உங்களுக்கு அது ஒரு டம்ளர் டம்பிங். மேலே திருவாரூர் வாசகிக்குப் பாயசம் செய்ததை இது இன்னும் வேகமாகச் செய்யும். இரண்டாம் மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து, முடிவும் பொய்யாக வரலாம். நர்ஸ் அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். அறுவைச் சீட்டைக் காட்டுங்கள். அதற்குப் பதில் 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம், காலை வெறும் வயிற்றிலும் ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு கழித்துக் கருத்தரிக்கச் சொல்வோம். நீங்கள் அந்த எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். எடை இறங்கியதும் கருமுட்டை வெளியாவது சீராகிவிடும். 'எனக்கெல்லாம் நிற்காது' என்று நம்பி இருப்பவர்களுக்குத்தான் முதலில் நிற்கும். பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரையும் முழுதாக உறிஞ்சப்படுமா என்பது சந்தேகம். பிரசவத்துக்குப் பிறகு காப்பர்-டி பற்றிக் கேளுங்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்லீவ். 131 கிலோவிலிருந்து 86-க்கு இறங்கினேன். இப்போது 101. ஒரு வேளைக்கு இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. அப்படியும் ஏன் ஏறுகிறது? இரைப்பை பழையபடி விரிந்துவிட்டதா?
- இரும்புக்கடை வைத்திருப்பவர், சீர்காழி

தம்பி, கொஞ்சம் விரிந்திருக்கலாம். ஆனால் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத இரைப்பை மீது முழுப்பழியையும் போட முடியாது. கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், கடிதத்தில் இட்லியை எண்ணியிருக்கிறீர்கள், டீயை எண்ணவில்லை. சர்க்கரை போட்ட டீ நாளைக்கு ஐந்து, பொட்டலத்தில் காராசேவு. இவை அந்தக் குறுகிய குழாயில் தங்குவதே இல்லை. வாயில் கரைந்து வழுக்கி ஓடிவிடும். கோழிக்கறி நாலு துண்டில் நிறுத்துகிற வயிறு, காராசேவைக் கால் கிலோவானாலும் நிறுத்தாது.

இன்னொன்று உங்கள் குற்றமே இல்லை. 131 கிலோவைச் சுமந்து நடந்த உடம்புக்கு வேண்டிய எரிபொருள் 86 கிலோவுக்கு வேண்டாம். அதற்கும் மேலே, எடை இழந்த உடம்பு பஞ்சம் வந்ததாக நினைத்துக் கணக்குக்கு மீறிச் சிக்கனம் செய்கிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றுக்காக, அறுவை இல்லாமல், பட்டினியும் பயிற்சியுமாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள், 2016-இல் வெளியானது. அவர்கள் உடம்பு ஓய்வில் எரிக்கும் அளவு, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அறுவைக்குப் பிறகு இந்தச் சிக்கனம் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. பசி ஹார்மோன்கள் இறங்கியிருப்பதால் அதைத் தாங்கவும் முடிகிறது. ஆனால் சுத்தமாக இல்லாமல் போவதில்லை. நானும் 66 வரை போய், இப்போது 74-இல் நிற்கிறேன். தீபாவளியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

தசை கரைந்தால் அடுப்பு இன்னும் சிறுக்கும். நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டை 6 கிராம், நூறு கிராம் மீன் கிட்டத்தட்ட 20. கடையில் தூக்குகிற வேலையைப் பையனிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். இரண்டு மாதத்தில் முள் அசையவில்லை என்றால் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கலாம். மறு அறுவையோ ஊசி மருந்தோ அதற்கு அப்புறம்.

எடை 84, உயரம் 168. சர்க்கரை இருக்கிறது. இப்போது வந்திருக்கும் ஊசி போதுமா, அறுவைதான் வேண்டுமா?
- மயிலாடுதுறை

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் எண், 29.8. ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவையை யோசிக்கலாம் என்று சர்வதேச அறுவை மருத்துவர் அமைப்புகள் 2022-இல் எல்லையைத் தளர்த்தின. காப்பீட்டு நிறுவனத்தின் கதவு வேறு: பொதுவாக 40, அல்லது தீவிரமான துணைநோயோடு 35. ஆகவே அறுவை என்றால் கைக்காசு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஊசியை முதலில் முயல்வேன். செமாக்ளூட்டைடு, டிர்செபடைடு இரண்டும், பாபநாசம் பதிலில் சொன்ன ஜிஎல்பி-1 என்ற கடைமடை ஹார்மோனின் வேலையை வெளியிலிருந்து செய்பவைதான்; டிர்செபடைடு கூடவே இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. நிறுத்தினால் பெரும்பகுதி எடை திரும்பிவிடும். அதன் மாதச் செலவை எத்தனை ஆண்டு தாங்குவீர்கள் என்று கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மாமனாருக்கு ஸ்லீவ் செய்து எட்டு வாரம். சோறு நெஞ்சில் நிற்கிறது என்று பாதியில் எழுந்துவிடுகிறார். ஆனால் நண்டு வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு மருமகள், வேதாரண்யம்

குழைந்த சோறு வாயில் அரைபடாமல் உருண்டையாக இறங்கிக் குறுகலில் போய் அடைத்துக்கொள்ளும். மேலே ரசத்தை ஊற்றித் தள்ளப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நம் பழக்கம் அது, அவருக்கு ஆகாது. தட்டை எடுத்ததிலிருந்து முடித்து அரை மணி ஆகும் வரை தண்ணீர், ரசம், மோர் எதுவும் வேண்டாம். மற்ற நேரத்தில் மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும். உங்கள் ஊர் வெயிலுக்கு இன்னும் கூட. சோற்றைத் தேக்கரண்டியால் சாப்பிடச் சொல்லுங்கள். இருபது தடவை மெல்லட்டும். சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் நீர் வடியும். வயிறு நிறைந்ததற்கு அதுதான் மணி. அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் வாந்திதான்.

நண்டு கொடுக்கலாம். சோற்றைவிட நல்லது, மென்மையான சதை, நல்ல புரதம். மிளகு காரத்தைப் பாதியாக்குங்கள். உடைத்து, சதையை மட்டும் உதிர்த்து, இரண்டு மேசைக்கரண்டி அளவு கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள். காலைக் கடித்து உறிஞ்சினால்தான் நண்டு என்பார். அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டுத் துணுக்கு ஒன்று உள்ளே போனால் அந்தக் குழாயிலிருந்து எடுக்க நாகப்பட்டினமோ தஞ்சாவூரோ ஓட வேண்டியிருக்கும்.